கயிற்றுக்குள் ஒரே வீடு

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் தட்டிப் பார்த்து வாங்கும் பழக்கமே போய்விட்டது. புத்தகத்தில் இருக்கிறது என்று எவனாவது சொன்னால் போதும், தலையாட்டிவிடுகிறார்கள். யூதர்கள் வாழ்ந்த ஸபோலோத்யே ஊரில் பீப்பாய் செய்து பிழைத்த கெட்ஸல், தான் செய்த பீப்பாயையே நம்பாதவர். தண்ணீர் ஊற்றி ஒரு பகல் வைத்திருந்து, கசியவில்லை என்றால்தான் அதைப் பீப்பாய் என்று ஒப்புக்கொள்வார். அவர் ஒரு சனிக்கிழமை மதியம், ஓய்வுநாள் தொழுகை முடிந்து வந்து, பின்கதவைத் திறந்து கொல்லைச் சேற்றில் கால் வைத்தார். கால் சேற்றில் இறங்கவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம், சந்தைத் தெருவில் இருந்த தம்பி ஆன்ஷலின் சமையலறையில் இறங்கியது.

ரொட்டி சுடும் ஆன்ஷலோடு கெட்ஸலுக்குப் பேச்சுவார்த்தை நின்று பல வருஷம் ஆகியிருந்தது. அவர்கள் அப்பா செத்தபோது விட்டுப்போனது ஒன்றே ஒன்றுதான்: பெரிய ஜெபக்கூடத்தில் கிழக்குச் சுவரை ஒட்டிய ஓர் இருக்கை. ஊர் மதகுருவான ரப்பிக்குப் பக்கத்து இடம். இரண்டு பேர் உட்கார முடியாது, ஒருவர் விட்டுக்கொடுக்கவும் முடியாது. அண்ணன் கோபித்துக்கொண்டு தையற்காரர்களின் சின்ன ஜெபவீட்டுக்குத் தொழப் போய்விட்டார். தம்பி அந்த இருக்கையில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பதாக நினைத்து நினைத்தே அவருக்குத் தாடி நரைத்தது.

“வாங்க மூத்தாரே,” என்றாள் ஆன்ஷலின் மனைவி ப்ரைன்டல். “வந்ததுதான் வந்தீங்க, கதவைச் சாத்துங்க. குளிரு உள்ள வருது.”

“நான் எங்க வந்தேன்? உங்க வீடுதான் என் கொல்லைக்கு வந்திருக்கு. எடுங்க அதை!”

“அடுப்போட சேத்து எடுக்கணுமாண்ணே, அடுப்பை விட்டுட்டு எடுக்கணுமா?” என்றார் ஆன்ஷல், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

காரணம் அந்த வாரமே தெரிந்துவிட்டது. ஓய்வுநாளில் வீட்டுக்குள்ளிருந்து ஒரு கைக்குட்டையைக்கூடத் தெருவுக்குத் தூக்கிப் போகக் கூடாது என்பது மதச் சட்டம். அதனால் ஊரைச் சுற்றிக் கம்பம் நட்டுக் கயிறு கட்டுவார்கள். இரண்டு கம்பமும் மேலே ஒரு கயிறும் இருந்தால் அது வாசல். ஊரைச் சுற்றி வாசலாகவே நின்றால் அதற்குள் இருப்பது வீடு. வீட்டுக்கு வீடு ஒரு பிடி மாவு வாங்கி, எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து புளிக்காத ஒரு ரொட்டி சுட்டு ஜெபக்கூடச் சுவரில் மாட்டிவிட்டால் எல்லோரும் ஒரே குடும்பம். பழைய ரப்பி காலத்தில் கயிறு தொய்வாகக் கிடந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெள்ளத்தில் கம்பங்கள் போன பிறகு, புதிதாக வந்த இளைஞர் ரப்பி ஹாஸ்கல் புத்தகத்தில் உள்ளபடியே அளந்து கட்டினார். ஊர் வீடாகிவிட்டது. தோல் வியாபாரி தன் அலமாரியைத் திறந்து அடுத்த தெருக்காரியின் ஊறுகாய்ப் பானைக்குள் கைவிட்டார். கல்யாணத் தரகர் தன் நாற்காலியை விட்டு அதிகம் நகராமலேயே ஊர்ப்பெண்கள் அத்தனை பேரின் சமையலையும் ருசி பார்த்தார். மாலையில் ஓய்வுநாள் முடிந்ததற்கு அடையாளமாக வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் கதவுகள் பழையபடி சேற்றுக்கும் சந்துக்கும் திறந்தன. வீட்டுக்குள் காற்று கொஞ்சம் அதிகமாக வருகிறது என்பதைத் தவிர யாருக்கும் புகார் இல்லை.

கெட்ஸலுக்கு இருந்தது. சாகும்வரை தம்பி முகத்தில் விழிப்பதில்லை என்று சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவருக்கு நாலு சுவர் வேண்டும். அந்தச் சுவரை ஒரு நூல் தின்றுவிட்டது. அடுத்த வியாழக்கிழமை ஜெபக்கூடத்துக்கே போனார்.

“வளையம் போடணும்னா இரும்புல போடணும் ரப்பி. நூலு எந்தத் தண்ணிய நிறுத்தும்?”

“எதையும் நிறுத்துறதுக்குக் கட்டல பெரியவரே. வழி விடறதுக்குத்தான் கட்டினது.”

“அப்ப என் மாவைத் திருப்பிக் குடுங்க.”

ரப்பிக்கு முகம் வெளுத்தது. ஒரே ஒரு வீடு சேர மாட்டேன் என்றாலும் போதும், ஊர் மறுபடி தனித்தனி வீடாகிவிடும். அதுவும் புத்தகத்தில் இருக்கிறது. “மாவு வேண்டாம், சொல்லே போதும். ஆனா யோசிச்சுச் சொல்லுங்க,” என்றார். கெட்ஸல் யோசிக்காமலே சொன்னார்.

திரும்பும்போதுதான் கிழக்குச் சுவரைப் பார்த்தார். அப்பாவின் இருக்கை மேல் விரல் கனத்துக்குத் தூசி. அதன் மேல் உடைந்த விளக்குக் கண்ணாடிகள்.

“என்னய்யா இது?” என்று ஜெபக்கூடச் சேவகரைக் கேட்டார்.

“உங்க தம்பி அதுல ஒருநாளும் உக்காந்ததில்ல. கணப்புகிட்ட நின்னுக்கிட்டேதான் தொழுவாரு.”

“எனக்காக விட்டு வெச்சிருக்கானாக்கும்?”

“அப்படியெல்லாம் இல்ல. உக்காந்தா அண்ணன் ஊரைக் கூட்டிருவாரு, எதுக்கு வம்புன்னாரு.”

அந்தச் சனிக்கிழமை கெட்ஸலின் கதவு சேற்றுக்கே திறந்தது. அவர் ஜெயித்துவிட்டார். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது என்பதால், பயறும் பார்லியும் கொழுப்பும் போட்டு வெள்ளிக்கிழமையே ஆன்ஷலின் அடுப்பில் மூடிவைத்த ஊர்ப் பானைகள் எல்லாம் அங்கேயே கிடந்தன. கயிறு செல்லாமல் போனதால் தெருவில் தூக்கி வர வழியில்லை. ஊரே பல்லைக் கடித்துக்கொண்டு பச்சைத்தண்ணீர் குடித்தது. பக்கத்து வீட்டு ஸ்லாட்டா, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக முடியாமல், சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்கும்படியாகவே சொன்னாள்: “அழு ராசா, நல்லா அழு. பீப்பாய்க்காரருக்கு நாலு சுவர் வேணுமாம், அதுல ஒண்ணு நம்மளோடது.” கெட்ஸல் காய்ந்த மீனைத் தின்றுகொண்டே நாலு சுவரையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இத்தனை வருஷம் அவர் எதற்குக் கோபப்பட்டாரோ அந்த இருக்கையில் விளக்குக் கண்ணாடிகள்தான் உட்கார்ந்திருந்தன. சுவர்கள் உறுதியாக இருந்தன. காற்றுக்கூட வரவில்லை.

மறுவெள்ளி அவரே ஆன்ஷலின் கடைக்கு முன்வாசல் வழியாகப் போய், ஒரு பிடி மாவைப் பலகையில் கொட்டினார்.

“புழுத்த மாவு. எங்கயாவது தள்ளணும். அதான்.”

ஆன்ஷல் மாவை விரலால் கிளறினார். முதல் தரக் கோதுமை. “புழு ஒண்ணையும் காணோமேண்ணே.”

“கண்ணைத் தொடைச்சிட்டுப் பாரு.”

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் சனிக்கிழமைதோறும் ஸபோலோத்யே ஒரே வீடாக இருந்தது. வெளியூர்க்காரர்கள் கேட்டால், மழைக்காலத்தில் கதவு கொஞ்சம் இறுகும், மற்றபடி வசதிதான் என்றார்கள். கிழக்குச் சுவர் இருக்கை காலியாகவே கிடந்தது. “நீ உக்காரேன்”, “மூத்தவரு நீங்க இருக்கையில நானா?” என்று இருவரும் அதைப் பற்றிச் சண்டை போட, இப்போது சாப்பாட்டு மேசை இருந்தது.

ஆனால் கெட்ஸல் அந்தக் கதவை மறுபடி ஒருநாளும் பயன்படுத்தவில்லை. நம்பிக் கால் வைக்க அவர் என்ன பைத்தியமா? மழையோ பனியோ, பாலத்தைச் சுற்றித் தெருவழியாகத்தான் வருவார், சாப்பிடுவார், தம்பியைத் திட்டுவார். ப்ரைன்டல் மிச்சத்தைப் பானையில் போட்டு நீட்டி, “மூத்தாரே, இந்தக் கதவைத் திறந்தா உங்க வீடு, எதுக்கு நடக்கறீங்க?” என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள். அவர் தெருமுனைக் கம்பம்வரை போய், அண்ணாந்து கயிற்றைப் பார்ப்பார்.

“நூலு. வெறும் நூலு,” என்பார். பிறகு, அந்த நூல் இல்லாவிட்டால் தூக்கக் கூடாத பானையை இரண்டு கையாலும் இடுக்கிக்கொண்டு, அதன் கீழேயே நடந்து போவார்.