ஒரு தட்டு, இரண்டு தட்டு

வேலாயுதம் தறியில் உட்கார்ந்தால் வாயைத் திறக்கமாட்டார். அப்படியொரு கண்டிப்பு. கோர்வைச் சேலையில் கரைக்கு நூல் கொண்டுபோகும் நாடாவை வீசப் பக்கத்தில் உட்கார்ந்த மகன் உதயகுமாருக்கு, தறிக்கட்டையில் விழும் அவர் விரல் முட்டிதான் பேச்சு. ஒரு தட்டு என்றால் வீசு. இரண்டு தட்டு என்றால் தப்பு, நிறுத்து.

அந்தத் தட்டு மெல்லத் தறியைவிட்டு இறங்கி வீடு பூராவும் நடமாடியது. ஒரு தட்டு, சாப்பிடு. இரண்டு தட்டு, கவளம் பாதிவழியில் நிற்கும். பூனைகூடத் தாவும்போது இரண்டு தட்டு கேட்டு அந்தரத்தில் நின்றது. நம்பாதவர்கள் பிள்ளையார்பாளையத்தில் விசாரிக்கலாம்.

வேலாயுதம் போய்ச் சேர்ந்தார். வீட்டுக்குள் அவர் காலைத் தொங்கவிட்டு நெய்த தறிக்குழியை மண்ணடித்து மூடி, டைல்ஸ் ஒட்டி, மேலே சாப்பாட்டு மேஜையும் போட்டாயிற்று. ஆனாலும் உதயகுமார் கொஞ்சம் வாய்விட்டுச் சிரித்தால் போதும், டைல்ஸுக்கு அடியிலிருந்து டொக், டொக். சிரிப்பு தொண்டையிலேயே உட்கார்ந்துவிடும்.

மகள் பிரியதர்ஷினிக்கும் அது கேட்டது. வீடியோ இன்டர்வியூவில் வெளுத்துக்கட்டிக்கொண்டிருந்தவள், டொக் டொக் என்றதும் வாயடைத்துப்போனாள். ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை. இரண்டு வேலையும் போயிற்று.

"நீதாம்பா தட்டுற."

"நானா? உங்க தாத்தாம்மா!"

"செத்தவங்க மேல பழி போடாத. டிவி பாத்துக்கினு, சோறு துன்னுக்கினு, உன் கை தானா தட்டுது. சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கினுதானே இருக்கேன்."

உதயகுமார் கையைத் திருப்பிப் பார்த்தார். நடுவிரல் முட்டியில் கழுதைக் குளம்பு கணக்காகக் காய்ப்பு. அப்பாவுக்கு இருந்த அதே இடத்தில்.

"காமாட்சி மேல ஆணைம்மா. இனி இந்தக் கையால ரெண்டு தட்டு விழாது."

"இதுவும் போச்சுன்னா அவ்ளோதாம்பா," என்று மூன்றாவது இன்டர்வியூவுக்கு உட்கார்ந்தாள். வெளியே பட்டப்பகல் வெயில். உதயகுமார் கேமராவில் விழாமல் எதிரே உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். மகள் அருவியாகக் கொட்டினாள்.

டொக், டொக்.

அவர் கைகள் அடியில்தான் இருந்தன. மேஜைமேல் இருந்தது மகளின் விரல் முட்டி. அவளே தட்டி, அவளே நின்றுபோயிருந்தாள். தட்டியது அவளுக்குத் தெரியவேயில்லை. வாய் பாதி திறந்தபடி, கண் மட்டும் அப்பாவைத் தேடியது.

"ஹலோ? ஹலோ?" என்றது திரை.

பதறி ஒரு கையை உருவி, ஒரே ஒரு தட்டு தட்டினார்.

வீசினாள் பாருங்கள்! கேட்டதற்கும் பதில், கேட்காததற்கும் பதில், நடுவில் மூச்சுகூட வாங்கவில்லை. "போதும்மா, வேலை உனக்குத்தான்!" என்று சிரித்துக்கொண்டே திரையில் இருந்தவர்கள் இணைப்பைத் துண்டித்தார்கள்.

அவள் பேசிக்கொண்டிருந்தாள்.

"அம்மாடி, முடிஞ்சிடுச்சும்மா."

இருண்ட திரையிடம் பேசிக்கொண்டே, ஓரக்கண்ணால் அவர் கையைப் பார்த்தாள். உதடு வறண்டிருந்தது. இரண்டு தட்டினால் நிற்பாள். ஆணையிட்ட கையை அக்குளில் செருகிக்கொண்டு, உதயகுமார் குனிந்து டைல்ஸைப் பார்த்தார்.

"தட்டுப்பா," என்று பிறந்ததிலிருந்து முதல் முறையாகத் தன் அப்பாவைக் கெஞ்சினார்.

அடியில் சத்தமே இல்லை.