கட்டளையை விழுங்கிய பூனை

இருபத்திரண்டு வருடமாக என் வலது கைக்குள் ஒரு திருட்டுப் பூனை குடியிருக்கிறது. பெயர் பிஷக். பழைய கம்பளியில் நானே தைத்த பொம்மை. எங்கள் ஊரான இஸ்ஃபராவில் என்னை ஹாலிதா என்று கூப்பிடுகிறவர்கள் குறைவு. "பிஷக் அக்கா வர்றாங்க, ரொட்டியை மூடி வைங்கடா" என்று கடைத்தெருவில் கத்துவார்கள். "மூடினா மட்டும் விட்டுருவேனா?" என்று நானும் திருப்பிக் கொடுப்பேன்.

எங்கள் பொம்மலாட்டக் குழுவில் மூன்று பேர். அதிகம் கேட்கப்படும் நாடகம் ஒன்றே ஒன்றுதான். பனிராஜா வசந்தத்தைச் சிறைபிடித்துவிடுகிறான். அநாதைப் பெண் ஒருத்தி அதை மீட்கக் கிளம்புகிறாள். வழியில் பிஷக் ஒட்டிக்கொள்கிறான். ஒட்டிக்கொண்ட அன்றே அவளுடைய கடைசி ரொட்டியைத் தின்றுவிடுகிறான். அவள் போகும் பாதையை ஓநாயிடம் காட்டிக்கொடுக்கிறான். அப்புறம் பார்த்தால், அவளை நாடு கடத்தச் சொல்லி ராஜா எழுதிய கட்டளையை யாரும் பிரிக்கும் முன்னே லபக்கென்று விழுங்கி, "படிக்காத கட்டளை கட்டளையே இல்லை!" என்று ஏப்பம் விடுகிறான். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கடைசிவரை அவனுக்குத் தண்டனையும் கிடையாது, பாராட்டும் கிடையாது.

பள்ளிக்கூடத்து ஆசிரியைகளுக்கு இது பிடிக்காது. "பிள்ளைங்க இதுலேர்ந்து என்ன கத்துக்கும்? அந்தப் பூனை நல்லவனா கெட்டவனா?" என்று மல்லுக்கு நிற்பார்கள். நாடகத்தை எழுதியவர் ஷரோஃப். ராஜாவும் ஓநாயும் அவர் கையில்தான்; அநாதைப் பெண் மட்டும் குழுவின் மூன்றாவது ஆள் கையில். "எனக்கே தெரியாதும்மா. தெரிஞ்சா உங்களுக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப்போறேன்?" என்று தேநீரை உறிஞ்சுவார். நான் அவரைப் போலப் பொறுமைசாலி இல்லை. "பிள்ளைங்க கேக்கல, உங்களுக்கு மட்டும் என்ன குடைச்சல்?" என்று வெட்டிவிடுவேன்.

நாடகம் முடிந்ததும் பிள்ளைகள் வரிசையில் வந்து பொம்மைகளைத் தொட்டுப் பார்ப்பார்கள். பிஷக்கிடம் மட்டும் தொடுவதோடு நிற்காது, காதில் ரகசியம் சொல்வார்கள். யார் பழக்கினார்கள் என்று தெரியாது. படுக்கையை நனைத்தது, ஆசிரியையின் பேனாவை ஒளித்தது, எல்லாம் அங்கேதான் வரும். நல்ல பிள்ளையான அந்த அநாதைப் பெண்ணிடம் ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். நான் திரைக்குப் பின்னால் குந்தியிருந்து கேட்டுக்கொள்வேன். கேட்டதை வெளியே விட்டதில்லை.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு வியாழக்கிழமை நோஸிலா வந்தாள். எட்டு வயது. போன வருடமும் வந்தவள்தான், குரல் ஞாபகம் இருந்தது. எல்லாரும் போகும்வரை காத்திருந்துவிட்டு வாயைப் பொம்மையின் காதோடு ஒட்டினாள்.

"பிஷக், நானும் முழுங்கிட்டேன்."

"என்னத்த முழுங்கின? மிட்டாயா?" என்றேன் பூனைக் குரலில்.

"கட்டளைய. அப்பா வேலைக்குப் போன ருஷ்யாலேர்ந்து அம்மா போனுக்கு அனுப்பினார். தலாக், தலாக், தலாக்னு மூணு தடவை. அம்மா மாவு பிசைஞ்சிட்டிருந்தா. நான் படிச்சிட்டு அழிச்சிட்டேன். உன்ன மாதிரியே."

உன்ன மாதிரியே என்றாளே, அந்த ஒரு சொல்லில் இருபத்திரண்டு வருடக் கைதட்டலும் கசந்துபோயிற்று.

"அம்மா படிக்கல. அப்ப அது நடக்கல இல்ல?" என்றாள். "அம்மா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அப்பாகிட்ட பேசறா. நல்லா சிரிச்சுத்தான் பேசறா."

"அப்புறம் என்ன?"

"இன்னொண்ணு வந்துட்டா? நான் பள்ளிக்கூடத்துல இருக்கும்போது வந்துட்டா யார் அழிப்பா? அதான் போனை பையில போட்டுக் கொண்டாந்துடறேன். அம்மா தேடறா. பாவமா இருக்கு. யார்கிட்டயும் சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன்" என்றான் பிஷக். வேறென்ன சொல்வான்? "சனிக்கிழமை ஊர் மன்றத்துல ஆட்டம் இருக்கு. அம்மாவையும் கூட்டிட்டு வா."

இரண்டு நாளும் எனக்கு அதே நினைப்பு. தலாக் சொன்னவன் வெள்ளிக்கிழமை தோறும் மனைவியோடு என்ன கொஞ்சுகிறான்? அந்தக் குழந்தை காவல்காரன் போல ஒரு போனைச் சுமந்துகொண்டு அலைவதை நினைத்தால் அழுகை வந்தது. அதற்கு வழி காட்டியது நான்.

சனிக்கிழமை கட்டளைக் காட்சி வந்தது. என் கை எழவில்லை. ஓலை ராஜாவின் கையிலேயே ஆடிக்கொண்டிருந்தது. "முழுங்கு, ஹாலிதா!" என்று ஷரோஃப் காலால் உதைத்தார். "என்ன பூனையே, பல்வலியா?" என்று ராஜாவாகவும் சமாளித்தார். ஒருவழியாக விழுங்கினேன். பிள்ளைகள் வழக்கம்போல சிரித்தார்கள். ஏப்பம் மட்டும் வரவில்லை.

முடிந்ததும் நோஸிலா அம்மாவை இழுத்துக்கொண்டு வந்தாள். அவள் பெயர் மவ்ஜூதா. வீட்டிலிருந்தே கூலிக்கு வாதுமைக்கொட்டை உடைக்கிறவள், விரல் நுனிகளெல்லாம் கருத்திருந்தன. "போய் உன் பூட்ஸைத் தேடி எடுத்துட்டு வா, அப்புறம் தொட்டுக்கலாம்" என்று மகளை வாசலுக்கு அனுப்பினாள். பிறகு குனிந்து, திரையைப் பார்த்தே பேசினாள்.

"உள்ள இருக்கிற அக்கா, உங்களுக்குத்தான் சொல்றேன். இந்தப் பூனை சொன்னா என் பொண்ணு கேப்பா. அப்பா நவ்ரூஸ் புத்தாண்டுக்கு வந்துடுவார்னு ஒரு வார்த்தை சொல்ல வைங்க."

"வருவாரா?" என்றேன் என் சொந்தக் குரலில்.

"எங்க வர்றது? என்னை விட்டுட்டார். மாமியாரே வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போய் ரெண்டு மாசம் ஆச்சு. நம்பரும் செத்துப்போச்சு. நான் வெள்ளிக்கிழமை வெறும் போனைக் காதுல வெச்சுக்கிட்டு அவ முன்னாடி சிரிச்சுப் பேசறேன். அவளுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டா. நீங்க ஒரு பொய் சொல்லுங்கக்கா, உங்களுக்குப் பழக்கம்தானே."

பழக்கம்தான். பொய் சொல்லியே வயிறு வளர்த்தவள் நான். ஆனால் அந்த ஒரு பொய்யை மட்டும் சொல்ல மனம் வரவில்லை. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் திரை கட்டிக்கொண்டு ஆடிக்கொண்டிருக்கிறார்கள், நான் மூன்றாவது திரையும் பிடிக்க வேண்டுமாம். சுள்ளென்று கோபம் வந்தது. அவர்கள் மேலா, என் மேலா, தெரியவில்லை.

நோஸிலா பூட்ஸோடு திரும்பி வந்தாள். நான் எழுந்து நின்றேன். பிள்ளைகள் முன்னால் பொம்மலாட்டக்காரி தலையைக் காட்டக் கூடாது. நான் காட்டினேன். கையில் பிஷக் தொங்கிக்கொண்டிருந்தான்.

"நோஸிலா கண்ணு, உங்கம்மாவுக்கு எல்லாம் தெரியும். ரெண்டு மாசமா தெரியும்" என்றேன். "மவ்ஜூதா, அவர் அனுப்பின தலாக்கை உன் பொண்ணு உனக்கு முன்னாடியே படிச்சவ. உன் போன்லேர்ந்து அழிச்சது அவதான். அதுக்குத்தான் போனைத் தூக்கிட்டு அலையறா."

குழந்தை என்னைப் பார்க்கவேயில்லை. பூனையைத்தான் பார்த்தாள். "சொல்ல மாட்டேன்னு சொன்னியே!" என்று ஓங்கி ஒரு அறை விட்டாள். என் விரல் முட்டிகளில் விழுந்தது. வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் அம்மா பக்கம் திரும்பினாள். "அப்ப வெள்ளிக்கிழமையெல்லாம் யார்கிட்டம்மா பேசின?"

"உன்கிட்டதான்டி பேசினேன்" என்றாள் மவ்ஜூதா. "நாங்க நல்லாயிருக்கோம்னு நீ கேக்கணும்னுதான்."

அதற்கு மேல் இரண்டு பேராலும் முடியவில்லை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள், மகள் மடியில் விழுந்தாள். இரண்டு மாத அழுகையையும் ஒன்றாக அழுதார்கள். நானும் அழுதேன். ஷரோஃப் நாற்காலிகளை அடுக்குவது போல பாவனை செய்துகொண்டு மூக்கைச் சிந்தினார். அழுது முடித்ததும் நோஸிலா பள்ளிப் பையைத் திறந்து போனை எடுத்து அம்மாவிடம் கொடுத்தாள். மவ்ஜூதா அதை வாங்கிக்கொண்டு, அவளுக்குப் பூட்ஸ் மாட்டிவிட்டாள்.

கதவுவரை போனவள் அம்மாவின் கையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். நான் மறுபடியும் திரைக்குப் பின்னால் குந்தினேன். பிஷக்கை மட்டும் மேலே நீட்டினேன். அவன் காதில் மூச்சு பட்டது.

"நான்தான் அழிச்சேன்னு அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே. கோச்சுக்கிட்டு வராமயே இருந்துடப் போறார்."

"சொல்ல மாட்டேன்" என்றேன்.