மிதவை இல்லாத வலை

வலையில் மூன்று சால்மன் மீன் செத்தால் அந்த வருடத்துக்கு மேற்கொண்டு வலை போடக்கூடாது. மாநில அரசோடு பேசி முடித்த ஒப்பந்தம் அது. முதல் நாளே இரண்டு செத்துவிட்டன.

வலை போட்ட வெர்னாவுக்கு அவமானமாக இருந்தது. யாரோ தூண்டில்காரர்கள் திருட்டுத்தனமாக ஏரியில் கொண்டுவந்து விட்ட கண்ணாடிக்கண் மீன்களைப் பிடிக்கத்தான் வலை. வெளிறிய கண்ணும் ஊசிப் பல்லுமாகப் பெருகி, ஆற்றிலிருந்து இறங்கும் சால்மன் குஞ்சுகளை அவை தின்று தீர்த்தன. போன வருடம், முதல் சால்மனை வரவேற்கும் விருந்துக்கே அவளுடைய பழங்குடி இனத்தார் அடுத்த ஆற்றுக்காரர்களிடம் மீன் கேட்டு வாங்கினார்கள். இந்த வருடக் குஞ்சுகள் இறங்க இன்னும் பத்தே நாள்.

வலையை மடியில் போட்டுப் பார்த்தபோதுதான் தப்பு புரிந்தது. மேல்கயிற்றில் முழத்துக்கொரு பெரிய மிதவை. அவளும் சித்தி மகன் டெல்பர்ட்டும் விவரம் தெரிந்த நாளிலிருந்து சால்மனுக்கே வலை கட்டியவர்கள். சால்மன் மேல்நீரில் போகும். கை தானாக அப்படிக் கட்டிவிட்டது. கண்ணாடிக்கண்ணோ முட்டையிட வந்து கூழாங்கல் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது.

“பெரிய மிதவை எல்லாத்தையும் அவுருடா. வலை அடியில போய் நிக்கட்டும்.”

“முழுகுற வலையா? எங்கப்பா பாத்தா என்னை வீட்ல சேக்க மாட்டாருக்கா.”

“எங்க வீட்ல வந்து படுத்துக்க. அவுரு.”

மாநில அதிகாரி ரஸ்ஸல், கொஞ்ச நாள் பொறுக்கலாமே என்று இழுத்தார். குஞ்சுகள் பொறுக்காது என்று வெர்னா சாதாரணமாகச் சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை மூவரும் படகில் போய் வலையை இழுத்தார்கள். கனம் தோளைப் பிடுங்கியது. கண்ணாடிக்கண், மறுபடி கண்ணாடிக்கண். எண்ணிக்கொண்டு வந்த டெல்பர்ட் முப்பதுக்கு மேல் கணக்கை விட்டுவிட்டான். வலையின் கடைசி மூலையில் வெள்ளியாக ஒன்று மின்னியது. சால்மன். ரஸ்ஸல் பேனாவை எடுத்தார்.

வெர்னா அதைத் தூக்கவில்லை. குனிந்து, நீருக்குள்ளேயே வலைக்கண்ணை அறுத்தாள். மீனை இரு கையாலும் தாங்கி மெல்ல முன்னே நகர்த்தினாள். வெகுநேரம் கழித்துச் செவுள் அசைந்தது. பிறகு அது அவள் மணிக்கட்டில் ஓர் அடி அடித்துவிட்டுப் போயிற்று.

“நீந்திப் போனத நான் எழுத முடியாது,” என்றார் ரஸ்ஸல்.

அந்த மூலையில் மட்டும் ஒரு பெரிய மிதவை இருந்தது. வெர்னா டெல்பர்ட்டைப் பார்த்தாள்.

“ஒண்ணே ஒண்ணுதாங்க்கா. மனசு வரல.”

அவள் அதை வெட்டிப் படகுக்குள் போட்டாள். வலை மறுபடி இறங்கியது. இந்த முறை மேலே எதுவும் தெரியவில்லை.