‘சொன்னபடி’ என்று எழுதிய சீட்டு

என் மருந்துக்கடையை ஒட்டித் தையல்கடை வைத்திருப்பவர் என் தங்கை புருஷன். ஏழு மாதத்துக்கு முன்பு ஒருநாள், சிவந்த கண்ணோடு வந்து டாக்டர் சீட்டை நீட்டினார். கண்ணுக்குச் சொட்டு மருந்து. கீழே லத்தீனில் இரண்டு சுருக்கம். ‘டி.டி.எஸ்.’ என்றால் தினம் மூன்று வேளை. ‘உட் டிக்ட்’ என்றால் சொன்னபடி.

“எத்தனை நாளைக்கு மச்சான்?”

“டாக்டர் சொன்னபடி மாப்ளே.”

நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பத்துப் பெட்டிக்கு ஒன்று இலவசமாகக் கேட்டு, மருந்துக் கம்பெனி ஆளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். டாக்டர் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்தேன். கடைக்காரன் சொல்வான் என்று டாக்டர் நினைத்திருக்கிறார்.

அது ஸ்டீராய்டு. டாக்டரைக் கேட்காமல் மாதக் கணக்கில் போடக்கூடாது, கண் அழுத்தம் ஏறிப் பார்வை போகும் என்பது என் தொழிலில் அரிச்சுவடி. சிவப்பு நாலே நாளில் போய்விட்டது. ஆனாலும் மாப்பிள்ளை மாதம் தவறாமல் அதே சீட்டோடு வந்தார். நானும் எடுத்துக் கொடுத்தேன். தேடி வருகிற வியாபாரத்தைத் திருப்பி அனுப்பும் பழக்கம் எங்கள் வம்சத்துக்கே கிடையாது.

எட்டாவது பாட்டிலுக்கு வந்தபோது கையில் ஊசியும் நூலும் இருந்தன.

“கொஞ்சம் கோத்துக் குடு மச்சான். எல்லாம் புகை மூட்டமாத் தெரியுது. மருந்தை இன்னும் ரெண்டு சொட்டு கூட்டிக்கட்டுமா?”

வாங்கிக் கோக்கப் பார்த்தேன். எனக்கும் நூல் நுழையவில்லை. என் கண் ஊசியில் இல்லை, அந்த மருந்துப் பெட்டியில் இருந்தது. கடையை இழுத்துச் சாத்திவிட்டு, கையோடு அதே டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். கண் அழுத்தத்தை இரண்டு முறை அளந்தார்.

“பத்து நாள் மருந்துங்க இது. ஏழு மாசம் யாரு குடுத்தது? இடது கண்ணுல பாதிப் பார்வை போயிடுச்சு. போனது வராது. மிச்சத்தைத்தான் காப்பாத்தணும்.”

மாப்பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. “யாரைச் சொல்றது டாக்டர்? ஊரெல்லாம் சுத்தி நானேதான் வாங்கினேன். என் கொழுப்பு.”

பொய்யைக்கூட எனக்கு அளவெடுத்துத் தைத்துவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம், தங்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது.

“எல்லாம் என் கடையிலதான் டாக்டர்,” என்றேன். “தெரிஞ்சேதான் குடுத்தேன்.”

டாக்டர் பழைய சீட்டை வாங்கி, கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு புதுச் சீட்டில் நாள், வேளை எல்லாவற்றையும் எங்கள் இருவருக்கும் புரிகிற மாதிரி எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை சிடுசிடுத்தார். “வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியா? உன் தங்கச்சிகிட்ட நான் பக்குவமா சொல்லிக்கிறேன்.”

“வேணாம். நானே சொல்றேன். பாத்து, படி இருக்கு மாப்ளே.”

அவருக்கு இடது பக்கமாக வந்து நடந்தேன்.