நான்காம் பலகை

இவன் அந்தப் பக்கம் திரும்பினால் அந்த எண்ணை இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம். பார்த்து என்ன ஆகப்போகிறது? ஆறு. ஆறு மில்லிமீட்டர். ஒரு பென்சிலின் தடிமன்கூட முழுசாக இல்லை. அழுதுவிடக் கூடாது. இவன் முன்னால் கூடாது.

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். துடைக்க ஒன்றுமில்லை.

மேஜைக்கு எதிர்ப்புறம் உட்கார்ந்திருந்தவன் பாய்ப்படகுச் சங்கத்தின் செயலாளர். செயலாளர் என்பது வெளியில்தான். இந்த வீட்டுக்கு அவன் அரைக்கால் சட்டைக் காலத்திலிருந்து வந்துபோகிறவன், அவள் மகனின் கூட்டாளி. அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவான். சங்கத்தில் மற்றவர்கள் அவள் காதுபடாமல் வைத்த பெயர் மில்லிமீட்டர் அத்தை. அது அவள் காதில் விழாமலும் இல்லை, அவளுக்குப் பிடிக்காமலும் இல்லை.

இப்போது அவன் மேஜைமேல் இரண்டு காகிதங்களை வைத்திருந்தான். ஒன்று, சங்கத்துப் படகுகளை இனி வார்த்தெடுக்க அச்சு செய்யும் தொழிற்சாலையிலிருந்து வந்த கடிதம். மற்றது அவள் கையெழுத்துக்காக அவனே தட்டச்சு செய்து கொண்டுவந்தது.

"ரெண்டு வரிதான் அத்தை. படிச்சுப் பாருங்க, நீங்க பேசற மாதிரியே எழுதியிருக்கேன்."

"நான் எப்ப தட்டச்சுல பேசினேன்?"

அவன் சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை.

முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் இதே மேஜையில்தான் அவள் கணவர் அந்தப் படகை வரைந்தார். துறைமுக அலுவலகத்தில் வரைபடக்காரர். பகலெல்லாம் பெரிய கப்பல்களின் குழாய்களை வரைந்து அலுத்துப்போனவர், ஞாயிற்றுக்கிழமைகளில் தனக்காக ஒரு சின்னப் படகு வரையத் தொடங்கினார். பதின்மூன்று அடி நீளம், இரண்டு பாய், இரண்டு ஆள். நான்கு பிளைவுட் தகட்டில் முடிந்துவிட வேண்டும், பள்ளிக்கூட வாத்தியார் சம்பளத்தில் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். முதல் தடவை தண்ணீரில் விட்டபோது பின்பக்கத்தை ஆட்டி ஆட்டிப் போனதைப் பார்த்து யாரோ வாலாட்டிக்குருவி என்றார்கள். அதிலிருந்து அந்த வகைக்கே வாலாட்டி என்று பெயர்.

வாலாட்டிகள் எல்லாம் ஒரே அச்சு. அதுதான் அந்தப் பந்தயத்தின் உயிர். யார் படகும் யார் படகைவிட ஒல்லியாகவோ பருமனாகவோ இருக்கக் கூடாது. ஜெயிக்கிறவன் கையாலும் கண்ணாலும் ஜெயிக்க வேண்டும், பணத்தால் அல்ல. அதற்காக ஐந்து அளவுப்பலகைகள் செய்தார்கள். படகின் வயிற்று வளைவுக்கு ஏற்ற மாதிரி உட்பக்கம் குடைந்த பலகைகள். படகைக் கவிழ்த்துப்போட்டு, குதிரைக்குச் சேணம் வைப்பதுபோல் ஐந்து இடத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று மில்லிமீட்டர்வரை விட்டுக்கொடுக்கலாம். அதற்கு மேல் போனால் அது வாலாட்டி இல்லை.

அவர் வரைவார், அவள் வெட்டுவாள். ரம்பம் பிடிப்பதில் அவருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஐந்து பலகையையும் வெட்டியது அவள். அதோடு படகுகளை அளந்து சொல்லும் சங்கத்து அளவர் வேலையும் அவள் தலையில் வந்து விழுந்தது.

"கம்ப்யூட்டர்ல ஏத்திப் பார்த்திருக்காங்க அத்தை," என்றான் செயலாளர், மூன்றாவது தடவையாக. "மாமாவோட படத்தையும், நிஜப் படகு ஒண்ணையும். நாலு இடம் கச்சிதம். நாலாவது விலாவில மட்டும் பக்கத்துக்கு ஆறு மில்லி. படகெல்லாம் ஒல்லி. எதை வச்சு அச்சு போடறதுன்னு கேக்கறாங்க."

அவன் வருவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. நேற்றுக் கடிதத்தின் நகல் தபாலில் வந்ததும் பரணிலிருந்து நான்காம் பலகையை இறக்கி, வரைபடத்தின்மேல் வைத்துப் பார்த்தாள். வரைபடத்தில் இருப்பது உள்ளே நிற்கும் விலாச்சட்டத்தின் கோடு. அதன்மேல் ஆறு மில்லிமீட்டர் பிளைவுட் போர்த்திய பிறகுதான் படகின் வெளிவளைவு. பலகை வெளியே வைத்துப் பார்ப்பது, எனவே அந்த ஆறையும் சேர்த்து வெட்ட வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்தில் சேர்த்திருந்தாள். நான்கில் சேர்க்கவில்லை.

ஏன்? நேற்று மாலை முழுவதும் அதற்கு ஒரு காரணம் தேடினாள். குழந்தை அழுதானா, அடுப்பில் ஏதாவது பொங்கியதா, யாராவது கதவைத் தட்டினார்களா. ஒன்றும் நினைவில்லை. சாதாரணமான ஒரு மத்தியானம். வெட்டினாள், உப்புத்தாள் போட்டாள், தூசியை ஊதிவிட்டு அடுத்ததை எடுத்தாள். அவ்வளவுதான் இருக்கும்.

முதல் படகைக் கட்டிய பட்டறைக்காரர் நான்காம் பலகை உட்காராததைப் பார்த்துத் தன் கைதான் பிசகிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். "அம்மா வெட்டின பலகை பிசகாது" என்று சொல்லி விலாவை இழைத்து இறக்கினார். அந்தப் படகையே மாதிரியாக வைத்து அடுத்தது, அதை வைத்து அதற்கடுத்தது. அவள் கணவர் கரையில் நின்று படகு ஓடுவதைப் பார்த்தாரே தவிர அளந்து பார்க்கவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு படகுகள். எல்லாம் ஒரே தப்பில் ஒன்றுபோல.

அந்தக் கணக்கில் சேராத ஒன்றைத் தவிர.

கணவர் இறந்த வருடம் மகனுக்கு இருபத்தொரு வயது. பட்டறைக்குப் போகாமல், யாரிடமும் ஒரு துண்டு வாங்காமல், அப்பாவின் வரைபடத்தைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு பின்கட்டுக் கொட்டகையில் தனியாக ஒரு வாலாட்டி கட்டினான். பதினோரு மாதம். அழுவதற்குப் பதில் அதைச் செய்கிறான் என்று அவள் நினைத்தாள், குறுக்கே போகவில்லை.

பெரிய பந்தயத்துக்கு முந்தின நாள் கரையில் அளவு பார்த்தார்கள். ஒன்று உட்கார்ந்தது, இரண்டு உட்கார்ந்தது, மூன்றும். நான்காம் பலகை படகின் இடுப்பில் மாட்டிக்கொண்டு இறங்க மாட்டேன் என்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பட்டறைக்காரர், "வீட்டுச் சாப்பாடுல்ல, அதான் இடுப்பு பெருத்துடுச்சு" என்றார். மகனும் சிரித்தான். மூன்று தடவை எடுத்து எடுத்து வைத்தாள். பிறகு அவன் அவள் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டான்:

"பலகையை ஒரு தடவை சரிபார்க்கலாமாம்மா?"

"பலகை தப்பாகாது" என்றாள் அவள்.

"சரிம்மா" என்றான்.

அதற்குமேல் ஒன்றுமில்லை. படகை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொட்டகையில் கவிழ்த்துக் கட்டித் தொங்கவிட்டான். அடுத்த வருடம் வேலை கிடைத்து, தண்ணீரே இல்லாத ஓர் ஊருக்குப் போனான். வாராவாரம் போன் செய்தான். முட்டிவலியிலிருந்து கரன்ட் பில்வரை எல்லாம் பேசினான். படகைப் பற்றி மட்டும் பேச்சு வரவில்லை. ஏழு வருடத்துக்கு முன்னால், முப்பத்தேழு வயதில், நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டான்.

ஆனால் நேற்றிலிருந்து அவளை அரிப்பது இதுகூட இல்லை. அன்று கரையில் ஒரு பெரியவர் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். "பெத்த பிள்ளைன்னுகூடப் பார்க்கலையே, இதுதான் நியாயம்" என்றார். அந்தச் சொல்லை எத்தனை வருடம் வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். வலித்த இடத்தில் எல்லாம் அதைத் தடவிக்கொண்டாள். மகன் அறை காலியாக இருந்த நாட்களில்கூட அது ருசித்தது. அது பொய்யான ருசி என்று தெரிந்துகொள்ள இத்தனை காலம் ஆகியிருக்கிறது, அதையும் ஒரு தொழிற்சாலைக்காரன் சொல்லி.

"சங்கத்து விதியில முதல் வரியே அதுதானே அத்தை," செயலாளர் சொல்லிக்கொண்டிருந்தான். "வடிவமைச்சவரோட வரைபடமே முடிவானது. அப்படிப் பார்த்தா முந்நூத்திப் பன்னிரண்டு படகும் செல்லாது. சின்னப் பசங்க எல்லாம் பழகிட்டு இருக்காங்க. இதுவரைக்கும் ஜெயிச்சவன் கோப்பையெல்லாம் என்ன பண்றது? என்னோடதையும் சேர்த்து."

அவள் மகன் ஓடாத அந்தப் பந்தயத்தில் ஜெயித்தவன் இவன்தான்.

அவள் தட்டச்சுக் காகிதத்தைக் கையில் எடுத்து வாசித்தாள்: முதல் படகு கட்டும்போதே நான்காம் விலாவை ஆறு மில்லிமீட்டர் குறைக்கும்படி என் கணவர் வாய்மொழியாகச் சொன்னார். அதன்படியே நான் அளவுப்பலகை வெட்டினேன்.

"அவர் சொல்லலையே" என்றாள்.

"தெரியும் அத்தை. ஆனா இதனால யாருக்கு என்ன கெடுதல்?"

நல்ல கேள்விதான். அவள் உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். கணவருக்குக் கெடுதல் இல்லை, அவர் இருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பார். சங்கத்துக்கு நல்லது. அவளுக்கு ரொம்ப நல்லது, தப்பே செய்யாதவளாகிவிடலாம்.

"நான்தான் தப்பா வெட்டினேன்னு எழுதித் தர்றேன். உள்ளது உள்ளபடி. அப்புறம் எல்லாரும் கூடி, பலகைதான் இனிமே அளவுன்னு விதியை மாத்திக்குங்க."

"அதுக்கு மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். ஒரு வருஷம் ஆகும். அதுக்குள்ள படத்தைப் பார்த்துப் புதுசா நாலு பேர் கட்டிக்கிட்டு வந்து நிப்பாங்க, என்னுது செல்லும் உன்னுது செல்லாதுன்னு. கரையில அடிதடிதான். உங்க பேரை என்னென்ன சொல்லுவாங்கன்னு யோசிச்சீங்களா?"

"சொல்லட்டும்."

அவன் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவன் படகை சங்கத்துக் கட்டடத்துல வைக்கலாம்னு கமிட்டியில பேசியிருக்கேன். வாசல்லயே. பேர் போட்டு" என்றான்.

"என்னன்னு போடுவீங்க?"

அவனைப் பார்க்க அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. கெட்டவன் இல்லை. மகன் காரியத்துக்கு முந்நூறு மைல் வந்து, கடைசிவரை நின்றவன்.

"அளவு தப்பின படகுன்னு போடணும். இந்தக் காகிதத்துல நான் கையெழுத்துப் போட்டா அப்படித்தானே ஆகும்?"

"எழுதவெல்லாம் மாட்டோம் அத்தை."

"எழுத மாட்டீங்க. இருக்கும்."

ஜன்னலுக்கு வெளியே யாரோ ஒரு சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். செயலாளர் முகத்தை இரண்டு கையாலும் தேய்த்துக்கொண்டான். அவன் கண் சிவந்திருந்தது.

"அவன் இருந்திருந்தா, போடும்மா, போனாப் போகுதுன்னு சொல்லியிருப்பான். சத்தியமா சொல்றேன்."

"சொல்லியிருப்பான்" என்றாள். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. தனக்காக ஒரு வார்த்தை சேர்த்துப் பேசத் தெரியாத பிள்ளை. அவன் பக்கம் பேச ஓர் ஆள் அன்றும் இல்லை, இன்றும் இந்த அறையில் அவளை விட்டால் வேறு யாரும் இல்லை.

காகிதத்தை மடிக்காமல், கசங்காமல், அவன் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"கமிட்டியில கேட்டா நான் என்னத்தை சொல்றது?"

"அத்தை மாட்டேன்னுட்டாங்கன்னு சொல்லு."