சோபாக்காவின் ஷெட்டுக்கு ஓர் அலாரம்

பழைய சோபாக்களுக்கு உறை மாற்றிப் புதிதாக்கித் தருவது அவள் தொழில். அதனால் தெருவில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் சோபாக்கா. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்தான் அவளுடைய பட்டறை. அங்கே திருடன் புகுந்து, கெட்டித் துணி தைக்கும் மெஷினை அலுங்காமல் தூக்கிக்கொண்டு போனபோது, வீட்டுக்குள் மாட்டியிருந்த அலாரம் மூச்சுகூட விடவில்லை. பின்னால் ஒரு ஷெட் இருப்பதே அதற்குத் தெரியாது.

லாரி ஓட்டும் கணவன் ஊர் திரும்பியதும் உள்ளங்கைக்கு அடங்காத பூட்டு ஒன்றை வாங்கி வந்து மாட்டினான். "இதை உடைக்கறவன் இனிமேதான் பொறக்கணும்" என்று மார்தட்டிவிட்டு, அடுத்த லோடுக்குக் கிளம்பிவிட்டான். சோபாக்காவுக்கு நிம்மதி வரவில்லை. புது மெஷின் வந்த பிறகும் அதன்மேல் கை வைக்க மனசு வரவில்லை. இதுவும் எத்தனை நாளைக்கோ என்றிருந்தது.

அந்த வார விடுமுறையன்று வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவள் நாத்தனார். கடைகளுக்கும் வீடுகளுக்கும் அலாரம் மாட்டுவது அவள் வேலை. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. இருவருக்கும் சண்டையும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. பார்த்தால் "நல்லாயிருக்கீங்களா அண்ணி?", "இருக்கேம்மா" என்பதோடு சரி. அவளுக்குத் தலைக்கனம் என்று இவளும், இவள் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று அவளும் நினைத்துக்கொண்டே வருஷங்கள் ஓடியிருந்தன.

"அண்ணன் போன்ல பூட்டைப் பத்திப் பெருமையா சொன்னாரு. அதான் பயந்து ஓடி வந்தேன்" என்றாள் நாத்தனார், கையிலிருந்த வயர் சுருளை இறக்கி வைத்தபடி.

வீட்டுச் சுவரிலிருந்து ஷெட் வரைக்கும் இருவரும் மண்ணைத் தோண்டிப் பைப்பைப் பதித்தார்கள். அதற்குள் வயரை விட்டபோது அது பாதி வழியில் சிக்கிக்கொண்டது.

"தள்ளுங்க அண்ணி!"

"தள்ளிக்கிட்டுதான் இருக்கேன், நீ இழு!"

"நான் இழுக்கறேன், நீங்கதான் தடவிக் குடுத்துட்டு இருக்கீங்க!"

பைப்பின் ஆளுக்கொரு முனையில் மண்ணோடு மண்ணாகப் படுத்துக் கத்திக்கொண்டிருந்தவர்களுக்குத் திடீரென்று சிரிப்பு பீறிட்டது. சிரித்துச் சிரித்து எழுந்திருக்கவே முடியவில்லை.

கதவில் ஒரு காந்தம், நிலையில் ஒரு சின்ன ஸ்விட்ச். இரண்டும் விலகினால் வீட்டுச் சுவரில் இருக்கும் சைரன் கத்தும். ஷெட்டுக்குள் வயரைச் சுவரோரமாகத் தரையை ஒட்டி அடித்துக்கொண்டே நாத்தனார் விளக்கினாள்.

"இதுல ரெண்டு கம்பி கதவுக்கு அண்ணி. நீங்க உள்ள வேலை செய்யறப்போ அலாரத்தை அணைச்சு வெச்சுக்கலாம். இன்னும் ரெண்டு இருக்கு பாருங்க, அதுக்குத் தூக்கமே கிடையாது. அலாரம் அணைஞ்சிருந்தாலும், எவனாவது வயரை வெட்டினா ஊரையே கூட்டிடும். என் போனுக்கும் தகவல் வந்துடும்."

முதல் பலத்த காற்றிலேயே கதவு ஆட, சைரன் அலறியது. பக்கத்து வீட்டு பேக்கரிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றார். விடியுமுன்னே அடுப்பு மூட்டுகிற அவருக்குத் தூக்கமே பகலில்தான். நாத்தனார் மறுபடி வந்து, காந்தத்தை நெருக்கி வைத்துவிட்டு, முகம் சுளிக்காமல் போனாள்.

மழை கொட்டிய ஒரு மதியம், சோபாக்கா ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்த்தாள். பெரிய சோபா ஒன்றை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து, அடித்துணியைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். என்ன வழுக்கியதோ, மரச் சட்டமும் இரும்பு ஸ்பிரிங்கும் அப்படியே சரிந்து அவளைக் கீழே தள்ளிக் காலை அமுக்கின. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. போன் மேசைமேல் இருந்தது. தொண்டை கிழியக் கத்தினாள். தகரக் கூரையில் அடித்த மழை அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது.

கண்ணில் நீர் முட்ட, தலையைத் திருப்பியபோது சுவரோரம் அந்த வயர் தெரிந்தது. கத்தரிக்கோல் இன்னும் கையில்தான் இருந்தது. 'பாவம், அவ்வளவு பாடுபட்டு இழுத்தாளே' என்று ஒரு கணம் கை தயங்கியது. பிறகு உடம்பை எக்கி, நறுக்கென்று வெட்டினாள்.

சைரன் ஊளையிட்டது. அதைவிட இனிமையான சத்தத்தை அவள் ஆயுசில் கேட்டதில்லை.

முதலில் வந்தது பேக்கரிக்காரர். "இன்னைக்கும் காத்தாம்மா?" என்று கதவைத் திறந்தவர், பார்த்ததும் பதறிப்போனார். ஒற்றை ஆளாக அவரால் சட்டத்தை அசைக்க முடியவில்லை. போனில் தகவல் வந்ததும் ஒரு கடையில் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுப் பறந்து வந்த நாத்தனாரும் கை கொடுத்த பிறகுதான் கால் விடுபட்டது.

வேனில் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சோபாக்கா அவள் தோளைத் தொட்டாள். "உன் வயரை வெட்டிட்டேன்டி."

"நூறு வயர் இழுத்துத் தரேன் அண்ணி. நீங்க பேசாம படுங்க" என்றாள் நாத்தனார், வேனை விரட்டியபடி.

மாவுக்கட்டோடு வீடு திரும்பிய பின், நாத்தனார் வந்து வெட்டுப்பட்ட வயரை ஒட்டினாள். தரையில் கிடந்தாலும் எட்டுகிற உயரத்தில், அவசரத்துக்கு அழுத்த ஒரு பட்டனையும் பொருத்தினாள். சோபாக்கா காலை ஸ்டூலில் நீட்டி உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணும். நீ சிரிப்பே."

"சிரிக்கல, சொல்லுங்க."

"கூப்பிடாமலே வந்தே பாரு. ரொம்ப நன்றிம்மா."

நாத்தனார் சிரிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, எப்போதோ இறுகிவிட்ட திருகாணியைத் திரும்பத் திரும்ப முறுக்கிக்கொண்டிருந்தாள்.