நடை எழுதிய நோட்டு

கைராசிக்காரியிடம் போனால் எடுத்த எடுப்பில் உடம்பில் கை வைக்கமாட்டாள். முதலில் நடக்கச் சொல்வாள். கதவிலிருந்து ஜன்னல் வரை பன்னிரண்டு அடி, செருப்பில்லாமல், போய்த் திரும்ப வேண்டும். பார்த்துவிட்டுத் தேதி போட்டு நோட்டில் ஒரு வரி எழுதுவாள். ‘வலது தோள் முந்துகிறது. யார் மேலோ கோபம்.’ அப்புறம்தான் எண்ணெயைத் தொடுவாள். அவளுக்கு உடம்பு வேறு, மனசு வேறு கிடையாது. அழுது முடிக்காத அழுகையெல்லாம் இடுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பாள். மேசையில் குப்புறப் படுத்தபடியே பெரிய பெரிய ஆட்களெல்லாம் விசும்பியிருக்கிறார்கள். எழுந்து போகும்போது கழுத்து இரண்டு பக்கமும் திரும்பும். பேர் சும்மா வரவில்லை.

அவள் தங்கை தையல்காரி. புருஷன் விட்டுப் போன மாதம் தங்கையின் இடது பாதம் தரையில் பட் பட்டென்று அடிக்க ஆரம்பித்தது. வேறு யாராவதாக இருந்தால் டாக்டரைப் பார்க்கச் சொல்லியிருப்பாள். தங்கையாயிற்றே, எல்லாம் இவளுக்குத்தான் தெரியுமே!

“போனவன் பின்னாடி கால் போகப் பார்க்குது, நீ விடமாட்டேங்கிற. அழுதுடு” என்றாள்.

அழவும் வைத்தாள். வாரத்தில் மூன்று நாள் இடுப்பை நீவினாள். விடியற்காலையில் மைதானத்தில் நடக்கவிட்டாள். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். இங்கே சொந்தச் சதை கண்ணெதிரே செத்துக்கொண்டிருந்தது, இவள் தத்துவம் பேசிக்கொண்டிருந்தாள்.

நேற்றுத் தங்கை சிரித்துக்கொண்டே வந்தாள். “அக்கா, மிஷினை மிதிக்கிறேன்னு நெனச்சு இவ்வளவு நேரம் தரையை மிதிச்சிருக்கேன்.”

கைராசிக்காரி அவளை மேசையில் உட்காரவைத்தாள். தங்கையைக் கண்ணை மூடச் சொல்லிப் இடது கால் பெருவிரலைக் கிள்ளினாள்.

“எந்த விரல்?”

“நீ இன்னும் தொடவே இல்லையே.”

நகம் பதியக் கிள்ளினாள். தங்கை பொறுமையாகக் காத்திருந்தாள்.

இன்று ஆஸ்பத்திரி. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். முதுகுத்தண்டில் ஒரு கட்டி, நரம்பை நெரிக்கிறது.

“கால் எப்போலேருந்து இப்படி?”

“ரெண்டு வாரமா” என்றாள் தங்கை, அக்காவைப் பார்க்காமல்.

“ரெண்டே வாரத்துல இவ்வளவுன்னா வேகமா வளர்ற கட்டி. நரம்போட சேர்த்துத் தாராளமா வெட்டவேண்டி வரும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“ரெண்டு வாரம்தான் டாக்டர்.”

மேசைக்கடியில் தங்கையின் கை அக்காவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தது. பேசாதே என்று அர்த்தம். கைராசிக்காரிக்கும் பேசாமலிருக்கத்தான் ஆசை. அந்த ஆசையை நினைத்து அவளுக்கே அருவருப்பாக இருந்தது. கையை விடுவித்துக்கொண்டு, பையிலிருந்த நோட்டை எடுத்துப் பிரித்து வைத்தாள்.

டாக்டரம்மா வாய்விட்டுப் படித்தார். “‘இடது பாதம் தரையில் அடிக்கிறது. துக்கம்.’ ஏழு மாசமாச்சே! யார் எழுதினது?”

“நான்தான்.”

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “அப்போ மெதுவா வளர்ற கட்டி. பெரும்பாலும் உயிருக்குப் பயமில்ல” என்றார். “ஆனா ஏழு மாசம் நசுங்கின நரம்பு... காலைப் பத்தி நான் எதுவும் நம்பிக்கை சொல்லமாட்டேன்.”

வார்டில் கட்டில் கிடைக்க மத்தியானமாகிவிட்டது. தங்கை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கைராசிக்காரி கால்மாட்டில் உட்கார்ந்து, அந்தப் பாதத்தை மடியில் எடுத்து வைத்து, இருபது வருஷத் தொழிலையும் விரலில் கொண்டுவந்து நீவினாள். பாதம் சில்லென்றிருந்தது.

“அழுதுடுக்கா” என்றாள் தங்கை திரும்பாமலே. “இல்லேன்னா இடுப்புல போய் உக்காந்துக்கும்.”

கைராசிக்காரி நீவுவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தங்கை கேட்டாள். “அக்கா, இருக்கியா, போயிட்டியா?”